பழைய சாமான் அள்ளும் தொழில்: யாருக்கு வண்டி அனுப்பலாம், யாருக்கு வேண்டாம்

2025 மார்ச் 9, காலை. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி வாசகர் கேட்டது:

பழைய டாட்டா ஏஸ் ஒன்று எடுத்து, மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் வீடு காலி செய்வது, பழைய சாமான் அள்ளுவது என்று தொழில் தொடங்கியிருக்கிறேன். வருகிற எல்லா போனுக்கும் போகிறேன். மாதக் கடைசியில் டீசலும் ஏத்துக்கூலியும் போகக் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஆரம்பத்தில் யாரையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா? எந்த மாதிரி ஆட்களுக்கு வேலை செய்யலாம், யாரைத் தவிர்க்கலாம்?

மார்ச் 9, இரவு

உங்கள் மாமா சொல்வது பெட்டிக்கடைக்குப் பொருந்தும். அங்கே சாமான் கைமாறியதும் கணக்கு முடிந்துவிடும். இதே தொழில் செய்யும் எனக்கும் உங்களுக்கும் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். வண்டியில் கிடக்கும் நனைந்த மெத்தையும் உடைந்த கக்கூஸ் பீங்கானும் இனி உங்கள் பாடு. அதை எங்கே இறக்குகிறீர்கள் என்பதில்தான் லாபமும் இருக்கிறது, ஊரில் உங்கள் பெயரும் இருக்கிறது.

நான் போனை எடுத்ததும் காசு பேசுவதில்லை. என்ன சாமான், எத்தனையாவது மாடி, வண்டி வாசல் வரை வருமா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பேன். எதிர்முனையில் அடுத்து என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பேன். “இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவீங்க?” என்று கேட்பவருக்கு மறுநாளே வண்டி. “எங்கேயாவது கொட்டிருங்க, எனக்கு இடம் காலியானா போதும்” என்பவரிடம் மேலும் நாலு கேள்வி கேட்காமல் தேதி கொடுக்க மாட்டேன்.

மார்ச் 10, காலை

கையில் காசு நிற்காததற்கு ஆள் தேர்வு மட்டும் காரணமாக இருக்காது என்று ராத்திரி தோன்றியது. ‘ஒரு லோடு இவ்வளவு’ என்று ஒரே விலை சொல்கிறீர்களோ? அப்படியானால் முதலில் அதை நிறுத்துங்கள்.

உங்கள் வண்டி தூக்கக்கூடிய பாரம் ஏறத்தாழ முக்கால் டன். தளம் ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. பக்கப் பலகை ஒரு அடி. செங்கல் இடிபாட்டைப் பலகை மட்டத்துக்கு நிரப்பினால் 35 கன அடிக்குப் பக்கம் வரும். பார்க்கப் பாதி வண்டி போலத்தான் தெரியும், ஆனால் அதிலேயே ஒரு டன் தாண்டிவிடும். ஸ்பிரிங் கட்டு முறியும், பிரேக் பிடிக்காது. அதே வண்டியில் மீன் கம்பெனியின் தெர்மாகோல் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக் கயிறு கட்டினாலும் டயர் அமுங்காது. இரண்டுமே ஒரு லோடுதான். ஒன்று வண்டியைக் கொல்லும், மற்றது இடத்தைத் தின்னும். இடிபாட்டை எடைக்கோ யூனிட்டுக்கோ (நூறு கன அடி) பேசுங்கள். தெர்மாகோல், மெத்தை, சோபா இவற்றை இடத்துக்குப் பேசுங்கள்.

அப்புறம் தூரம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தீவில் அள்ளும் சாமானில் விலை போகிறது எல்லாம் பாலம் தாண்டி இந்தப் பக்கம்தான் வந்தாக வேண்டும். போகும்போது வெறும் வண்டி, வரும்போது லோடு என்றால் பாதி டீசல் காற்றுக்குப் போகிறது. ராமேஸ்வரத்துக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போய், திரும்பும்போது பழையதை அள்ளி வரும்படி நாள் குறியுங்கள். “இன்னைக்கே வரணும், இல்லேன்னா வேற ஆளைப் பாக்குறேன்” என்கிறவரை, வேறு ஆளே பார்க்கட்டும்.

மார்ச் 10, மாலை

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “சாமானையும் எடுத்துக்கிட்டு எங்ககிட்டயே காசும் கேக்குறீங்களே?” இதை வாரம் தவறாமல் கேட்கிறேன், கோபம் வருவதில்லை. இரும்புக் கடைக்காரர் நல்ல சாமானை மட்டும் பொறுக்கி எடுத்துக் காசு கொடுப்பார். மீதியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார். நாங்கள் மீதியையும் சேர்த்து எடுக்கிறோம். அதனால் நான் எப்போதும் இரண்டு கணக்குத் தனித்தனியாகச் சொல்வேன்: அள்ளுகிற கூலி இவ்வளவு, செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு தேறினால் அதில் கழிப்பது இவ்வளவு. இதைப் பொறுமையாகக் கேட்பவர் நல்ல வாடிக்கையாளர். கேட்காமல் நடுவிலேயே சத்தம் போடுபவர் லோடு ஏற்றிய பிறகு இன்னும் சத்தம் போடுவார்.

ஒரு எச்சரிக்கை. மதுரை விலையைப் பேப்பரில் பார்த்துவிட்டு அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். கடற்கரை வீட்டு பீரோவும் கேட்டும் உப்புக் காற்றில் பாதி துருவாகியிருக்கும். கடையில் துருவுக்கு எடை கழிப்பார்கள்.

மார்ச் 16

கட்டட காண்ட்ராக்டர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்டி நண்பர் கேட்டிருக்கிறார்: “தினசரி வருமானம் தருகிறவர்கள் அவர்கள்தான். அவர்களை விட்டால் வண்டித் தவணை யார் கட்டுவது?”

வேலை தருவார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பாருங்கள். “ஊரணிக்குப் பின்னாடி பள்ளம் கிடக்கு, ராத்திரி தட்டிட்டு வந்துரு.” “கண்மாய்க் கரை ஓரமா இறக்கிரு, யாரும் கேக்க மாட்டாங்க.” நம் மாவட்டத்தில் ஆறு எத்தனை நாள் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். குடிக்கவும் ஆடுமாட்டுக்கும் பெய்கிற மழையை ஊரணியில் பிடித்து வைத்தால்தான் உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் இன்னும் தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அந்த ஊரணிக்கு மழைநீர் வரும் வாய்க்காலில் டைல்ஸ் உடைசலையும் பெயிண்ட் டப்பாவையும் கொட்டுபவன் பணத்துக்காக ஊரின் தொண்டையை அடைக்கிறான். இதில் எனக்கு விட்டுக்கொடுத்துப் பேச வராது.

கடற்கரைப் பக்கம் இன்னும் கெடுபிடி. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டட இடிபாட்டைக் கொட்டிப் பள்ளம் நிரப்பவே கூடாது. 2016-இல் வந்த கட்டடக் கழிவு விதிகளும் இடிப்பவரைத்தான் முதல் பொறுப்பாளி ஆக்கின. ஆனால் பிடிபடும்போது ரோட்டில் நிற்பது உங்கள் வண்டி, அதில் எழுதியிருப்பது உங்கள் நம்பர். காண்ட்ராக்டரின் போன் அன்றைக்கு ஸ்விட்ச் ஆஃப்.

அதற்காக இடிபாட்டு வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் செய்வது இது. வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்களின் பட்டியல் ஒன்று கையில் வைத்திருக்கிறேன். பேஸ்மட்டம் நிரப்ப அவர்களுக்கு மண்ணோ இடிபாடோ வேண்டும், கிராவல் வாங்கினால் செலவு. ஒருவர் வீட்டை இடிக்கும் தேதியும் இன்னொருவர் நிரப்பும் தேதியும் ஒத்துவந்தால் இரண்டு பக்கமும் கூலி கிடைக்கும், இடிபாடும் பட்டா நிலத்துக்குள் சம்மதத்தோடு போய்ச் சேரும். செங்கல், காரை, கல் மட்டும் ஏற்றுவேன். பிளாஸ்டிக், ஒயர், மரம் கலந்திருந்தால் பிரித்துக் கொடுங்கள் என்று காண்ட்ராக்டரிடம் கேட்பேன். பிரித்துக் கொடுப்பவரை விடவே மாட்டேன். அப்படிப்பட்ட மேஸ்திரிகள் இருக்கிறார்கள்.

மார்ச் 17

நேற்று விட்டுப்போனது. பழைய கடற்கரை வீடுகளை இடிக்கும்போது சுவரில் செங்கல்லுக்குப் பதில் பவளக்கல் வரும். வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாக, சுண்ணாம்புப் பூச்சோடு. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கடலில் வெட்டி எடுத்துத்தான் வீடு கட்டினார்கள். 2001-இலிருந்து பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. வீடு எத்தனை வருஷப் பழசாக இருந்தாலும் அதை வண்டியில் ஏற்றி ரோட்டில் போகும்போது யார் நிறுத்தினாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வனத்துறையிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்கட்டும், அதன் பிறகு வண்டி. கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் கடல் விசிறி, காய்ந்த கடல் குதிரை இவற்றுக்கும் இதே பேச்சுத்தான்.

ஏப்ரல் 4

பெருநாள் முடிந்த வாரம். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் திரும்பிப் போகும் முன் பூட்டிக் கிடந்த வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள். எனக்கு வருஷத்தில் பிடித்த வேலை இது. சந்துக்குள் வண்டி நுழையாது, முனையில் நிறுத்திக் கையில்தான் தூக்க வேண்டும். ஆனால் மரியாதையான ஆட்கள். சோறு போடாமல் அனுப்ப மாட்டார்கள்.

சிக்கல் அண்ணன் தம்பிக்குள் வரும். வாப்பா (அப்பா) மவுத்தாகி (இறந்து) வீடு நாலு பேருக்குப் பொதுவாக இருக்கும். துபாயிலிருக்கும் காக்கா (அண்ணன்) வீடியோ காலில் எல்லாத்தையும் எடுத்துருங்க என்பார். மலேசியாவில் இருக்கும் லாத்தா (அக்கா) மறுநாள் கூப்பிட்டு, உம்மாவோட பீங்கான் சாடி எங்கே, பித்தளை அண்டா எங்கே என்பார். நாம் நடுவில் திருடன் மாதிரி நிற்க வேண்டும். ஆகவே பங்குதாரர் எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்க்கச் சொல்வேன். ஒவ்வோர் அறையையும் படம் எடுத்துப் போடுவேன். எல்லோரும் குரல் பதிவில் சரி சொன்ன பிறகுதான் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்துவேன். இதற்கு ஒத்துக்கொள்ளாத குடும்பத்துக்கு வேலை செய்வதில்லை. “அவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் அந்த வீட்டில் வழக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அலமாரி இழுப்பறைகளை வீட்டு ஆள் ஒருவர் முன்னால்தான் திறக்க வேண்டும். பத்திரம், பாஸ்போர்ட், பழைய கடிதம், தங்கம் எல்லாம் வரும். ஒருமுறை அரிசி டிரம்முக்குள் பட்டுத்துணியில் சுற்றி வைத்த நிலப்பத்திரம் கிடைத்தது. அதைத் தேடி அந்தக் குடும்பம் எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்கியிருந்தது. அந்தக் குடும்பத்தால் எனக்கு அந்தத் தெரு முழுக்க வேலை கிடைத்தது.

ஏப்ரல் 7

நேற்று புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்தார்கள். சாலையெல்லாம் போலீஸ், வண்டி எடுக்கவில்லை. நண்பர்கள் போன் போட்டு, “1914-இல கட்டின பழைய பாலத்தை உடைச்சா அந்த இரும்பு யாருக்கு, உங்களுக்கு ஆர்டர் உண்டா?” என்று சிரிக்கிறார்கள். ரயில்வே பழைய இரும்பை மின்னேலத்தில்தான் விற்கும். முன்பணம் கட்டி, டன் கணக்கில் எடுக்கும் பெரிய ஆட்கள் விளையாடும் இடம் அது. அந்தப் பாலத்தை உடைக்காமல் கொஞ்சமாவது நிற்க விட்டால் தேவலை என்று மனசு சொல்கிறது. சின்ன வயதில் அந்தப் பெட்டி ஜன்னலில் முகம் வைத்துக் கடல் பார்த்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

அரசு ஏலம் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு வரி: பள்ளிக்கூட பெஞ்சு, அலுவலக மேசை ஏலங்களுக்குப் போங்கள், ஆனால் சாமானை நேரில் பார்க்காமல் தொகை எழுதாதீர்கள். விலை போகிற சாமானையும் போகாததையும் சேர்த்தே அள்ள வேண்டும் என்பது விதியாக இருக்கும்.

ஏப்ரல் 20

ஏப்ரல் 15-இல் விசைப்படகுகள் நின்றுவிட்டன. ஜூன் 14 வரை 61 நாள். கரையில் படகுகளை ஏற்றி மராமத்து நடக்கும்போது பழைய வலை, கயிறு, மிதவை, உடைந்த ஐஸ் பெட்டி, என்ஜின் உதிரி எல்லாம் குவியும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவருக்கு இது நல்ல காலம், உச்சிப்புளி தம்பி கவனிக்கவும்.

பழைய என்ஜினுக்கும் ஈயக் குண்டுக்கும் விலை உண்டு. நைலான் வலையைக் கயிறும் மிதவையும் பிரித்துச் சுத்தமாகக் கொடுத்தால் எடுக்க ஆள் உண்டு. அறுந்த நரம்பு வலையை யாரும் சீந்த மாட்டார்கள், ஆனாலும் அதை நான் கூலி குறைத்தாவது எடுத்துவிடுவேன். கரையில் விட்டால் அடுத்த காற்றில் கடலுக்குள் போய்விடும். போன வலை யார் கையும் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆமையும் மாட்டும், கடல் பசுவும் மாட்டும். எதிரே இருப்பது 21 தீவுகளோடு 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த கடல். அதை ஒட்டிய கடலில்தான் அந்தப் படகுக்காரர் மறுபடியும் வலை போட வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் வலையைச் சுருட்டித் தாங்களே வண்டியில் ஏற்றித் தருவார்கள்.

பைபர் வள்ளம்தான் தலைவலி. உடைந்த வள்ளத்தை வாங்க ஆளில்லை. அறுத்தால் தூசு தோலெல்லாம் அரிக்கும், மூச்சுக்குள் போகும். எரித்தால் கரும்புகை. “ஓரமாப் போட்டு எரிச்சிருங்கண்ணே” என்று சொல்பவரிடம் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். அறுக்கிற கூலி, முகமூடி, தண்ணீர் தெளித்து அறுக்க ஆகும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து விலை சொல்லுங்கள். பதிவு எண் எழுதிய படகு என்றால், மீன்வளத் துறையில் பதிவை நீக்கிய தாளைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

ஏப்ரல் 20, இரவு

பணம் பற்றி ஒரு வார்த்தை. தடைக்காலத்தில் படகுக்காரர் கையில் காசு இருக்காது. கடல் திறந்து முதல் இரண்டு மடி ஏறியதும் தருகிறேன் என்பார். எனக்குத் தெரிந்து அப்படிச் சொல்லி ஏமாற்றியவர் அநேகமாக இல்லை. ஜூன் கடைசியில் அவர்களே போன் போட்டு, அண்ணே வந்து வாங்கிக்கங்க என்பார்கள், கூடவே ஒரு பை மீனும் வரும். ‘கடன் சொல்பவரை ஒதுக்கு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மனசு வராமல் இருப்பதற்கு இவர்கள்தான் காரணம்.

ஏப்ரல் 22

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார், பொதுவிலேயே பதில் சொல்கிறேன். யாரோ இரவு பதினொரு மணிக்கு வண்டி கேட்டு, சாதாரணக் கூலியைப் போல நாலு மடங்கு தருகிறேன், மூடின டிரம்களைக் கடற்கரைத் தோப்பில் இறக்கினால் போதும் என்றார்களாம். போகலாமா?

போகக் கூடாது. பழைய சாமான் வண்டியை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றுதான் உங்களைத் தேடி வருகிறார்கள். உள்ளே இருப்பது இலங்கைக்குக் கடத்தும் பீடி இலையா, மஞ்சளா, கடல் அட்டையா என்று உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். கடல் அட்டை பிடிக்க 2001-இலிருந்தே தடை. பிடிபட்டால் வண்டி பறிமுதல், வழக்கு, மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் அலைச்சல். இந்தக் கரையில் அதில் மாட்டி வண்டியைத் தொலைத்த டிரைவர்களின் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். திறந்து பார்க்க விடாத எந்தச் சாமானையும் ஏற்ற வேண்டாம். பகலில்கூட.

ஜூன் 8

கிளினிக், லேப். உச்சிப்புளி தம்பிக்கு ஒரு கிளினிக்கிலிருந்து மாத ஒப்பந்தம் வந்திருக்கிறதாம். “பழைய பெட், ஸ்டூல், அட்டைப்பெட்டி மட்டும்தான்” என்கிறார்களாம். மரச்சாமான், இரும்புச் சாமான் என்றால் செய்யுங்கள், ஆனால் கட்டிய மூட்டை எதையும் எடுக்காதீர்கள். ஊசியைக் குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பாவிலும், ரத்தம் பட்ட பஞ்சை மஞ்சள் பையிலும், டியூப்பைச் சிவப்புப் பையிலும் போட்டு, அனுமதி பெற்ற நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்கென்று 2016-இலிருந்து விதி இருக்கிறது. அதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தத்தான் சிலர் நம்மைக் கூப்பிடுகிறார்கள். என்னோடு வேலை செய்த பையன் ஒருவனுக்கு அட்டைப்பெட்டிக்குள் கிடந்த ஊசி குத்தியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனைக்குப் போய், முடிவு வரும்வரை அவனும் அவன் அம்மாவும் தூங்காமல் இருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பெட்டியைக் கொடுத்த இடத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நம் பையன்கள் கை வைக்கிற இடம் அது என்று நினைத்துப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

ஜூலை 27

ஆடி அமாவாசை 24-ஆம் தேதி முடிந்தது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ்காரர்கள் கூட்டத்துக்கு முன்னாலேயே மெத்தை மாற்றுவார்கள், அதனால் ஜூலை முதல் பாதி முழுக்க மெத்தைதான். இலவம்பஞ்சு மெத்தை என்றால் பஞ்சைப் பிரித்து மெத்தை தைப்பவரிடம் கொடுக்கலாம். தென்னைநாரும் ஸ்பாஞ்சும் ஒட்டிய மெத்தைக்கு எங்கும் மரியாதை இல்லை. எண்ணிக்கைக்கு விலை பேசுங்கள்.

லாட்ஜில் இரண்டு ரகம். ஒருவர் அறை எண் போட்டு, இன்னின்ன சாமான் என்று மேனேஜர் கையெழுத்தோடு தருவார், ஏற்றி முடித்ததும் பணம். இன்னொருவர் முதலாளி ஊரில் இல்லை, கணக்குப்பிள்ளை வரட்டும், அடுத்த அமாவாசைக்கு வாங்கிக்கொள் என்பார். இப்படி ஓர் இடத்தில் எனக்கு இன்னும் பாக்கி நிற்கிறது. கேட்டால் அடுத்த லோடு எடுக்கும்போது சேர்த்துத் தருவார்களாம். அறை முழுக்க ஆள், வாசலில் கார் வரிசை, ஆனால் ஏத்துக்கூலிப் பையன்களுக்குத் தர வேண்டிய காசு இல்லை. அந்தப் பையன்களுக்கு நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேன், அவர்கள் அடுத்த அமாவாசை வரை காத்திருக்க முடியாது. லாட்ஜ், ஹோட்டல், கல்யாண மண்டபம் எதுவானாலும் பாதி முன்பணம், மீதி கடைசி மெத்தை ஏறும் முன் என்று இப்போது முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல இடங்கள் மறுப்பதில்லை.

ஆகஸ்ட் 31

மார்ச் 9-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு சாயல்குடியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்: “எங்கேயாவது கொட்டிருங்கன்னு சொல்றவங்க எல்லாரும் கெட்டவங்களா? எங்களுக்கு வேற எப்படிச் சொல்லத் தெரியும்?” இதைச் சில நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கேட்டது நியாயம். காண்ட்ராக்டர் வாயில் வரும் ‘எங்கேயாவது’ வேறு, தனியாக இருக்கும் வயதான அம்மா வாயில் வருவது வேறு. அவர் வீட்டில் என்ன கிடக்கும்? 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த பெட்டி டிவி, 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. எல்லாம் ஓடி ஓய்ந்து மூலையில் இருக்கும். எங்கே போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்வது நம் வேலை. பெட்டி டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்து ஓடையில் போடக் கூடாது. பேட்டரியின் ஆசிட்டைத் தரையில் கொட்டக் கூடாது. ஒயரை எரித்துச் செம்பு எடுக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் குழாயை வெட்டிவிடக் கூடாது. இவற்றை அனுமதி பெற்ற மின்கழிவு ஆட்களிடம் சேர்க்கத் தனியாக மூட்டை கட்டி, ஒரு வண்டி சேர்ந்ததும் அனுப்புகிறேன். இதை அந்த அம்மாவிடம் விளக்கினால் அவர் அடுத்த வீட்டுக்கும் சொல்வார்.

ஆகவே என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். ‘எங்கேயாவது’ என்று சொன்னதும் போனை வைக்காமல், எங்கே போடப்போகிறேன் என்று நானே சொல்லி, அதற்கு ஆகும் கூலியையும் சொல்கிறேன். “அப்படியா, சரி” என்பவருக்கு வண்டி போகும். “அதெல்லாம் எதுக்கு, ஊரணியில தட்டுனா பாதிக் காசுல முடியுமே” என்பவருக்குப் போகாது.

முதிய பெண்களிடம் கூலி குறைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். பேரம் பேசுவார்கள், பேசட்டும். பேசிய தொகையை முந்தானையில் முடிந்து வைத்திருந்து ஏற்றி முடித்த கணத்தில் தருவார்கள். எனக்குத் தெரிந்த பெரிய நிறுவனங்களைவிட இவர்களிடம் நம்பிக்கையாக வேலை செய்யலாம்.

அக்டோபர் 12

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. போன வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு அடுத்த வாரம் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வீட்டுக்கு வீடு நனைந்த மெத்தை, ஊறிய பிளைவுட் பீரோ. வெள்ளத்துக்குப் பிறகு விலையை ஏற்றி வாங்கிய வண்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை ஊர் மறக்கவில்லை. நான் சாதாரண விலையே வாங்கினேன். ஆனால் நனைந்த மெத்தை எடை கூடும் என்பதால் ஒரு நடைக்கு ஏற்றும் எண்ணிக்கையைக் குறைத்தேன். மழைக்காலத்தில் முதலில் படுத்த படுக்கையான ஆட்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், அடுத்து மற்ற வீடுகள், அதற்கு அடுத்துத்தான் கடைகள். போன் வந்த வரிசையைப் பார்க்காதீர்கள். பழைய வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

அக்டோபர் 13

பரமக்குடி நண்பர் ரசீதில் என்ன எழுதுவது என்று கேட்டார். நான் எழுதுவது: தேதி, வீட்டுக்காரர் பெயர், ஊர், ஏற்றிய சாமான் வகை, அதில் எதை எந்தக் கடைக்கு, எதை யார் பட்டா நிலத்துக்கு, எதை உள்ளாட்சிக் கிடங்குக்கு என்று தனித்தனி வரி, அள்ளிய கூலி, கழித்த தொகை, இரண்டு பேர் கையெழுத்து. கார்பன் வைத்த புத்தகம் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். கையெழுத்துப் போடத் தயங்கும் வாடிக்கையாளரிடம், போட்ட பிறகு ஏற்றலாம் என்று சொல்லி வண்டிப் பலகையை மூடி வையுங்கள்.

உச்சிப்புளி தம்பிக்கு: அந்தக் கிளினிக் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு மண்டபம் படகுக்காரர்களின் வேலையைப் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அடுத்த தடைக்காலத்துக்கு முன் அறுப்பு மெஷின் ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கலாமா? போன் போடுங்கள், பேசுவோம்.